சீவரத்தினம் செதுக்கிய செத்த நொதியம்

வலது கை வில்லைப் பிடித்திருந்தது; இடது கை வெள்ளைப் பலகையை மெல்ல மெல்லத் தள்ளிக்கொடுத்தது. வில் என்றால் அம்பு விடுகிற வில் அல்ல. வளைத்த மூங்கில் தடியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே, மின்னடுப்புச் சுருளிலிருந்து உருவிய கம்பியை இழுத்துக் கட்டியது. பழைய கார் பற்றரியில் தொடுத்ததும் கம்பி சூடாகும். சூடான கம்பி றெஜிபோமுக்குள், அதாவது புதுத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருமே அந்த வெள்ளை நுரைப்பலகைக்குள், சத்தமில்லாமல் இறங்கும். அவசரப்பட்டால் கம்பி வளைந்து வெட்டுக் கோணும். தயங்கினால் நின்ற இடம் உருகிக் குழி விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. அதைப் பிடிக்க அந்தக் கைகளுக்கு ஏழு வருடம் எடுத்தது. மூளையுள்ளவனுக்கு ஏழு நாள் போதும் என்பது கைகளின் சொந்தக்காரருடைய அபிப்பிராயம்.

அன்று வெட்டுப்பட்டது அன்னமும் அல்ல, மயிலும் அல்ல. இரண்டடி உயரம். மேலே ஒரு சின்ன உருண்டை, கீழே ஒரு பெரிய உருண்டை, நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் மூன்று முளைகள். கொய்யாப்பழத்தை அணில் கோதிவிட்டுப் போனால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அது ஒரு புரதம். புற்றுநோய்க் கலத்தின் தோலோடு ஒட்டியிருந்து, வளரச் சொல்லி உள்ளே சேதி அனுப்புகிற புரதம். ஒன்று ஏற்கெனவே முடிந்து மேசையில் நின்றது. கைகள் இப்போது அதன் சோடியைச் செய்துகொண்டிருந்தன.

கைகளின் சொந்தக்காரர் சீவரத்தினம். உரும்பிராயில் ‘மணவறைச் சீவரத்தினம்’ என்றால் வீட்டைக் காட்டுவார்கள். வெறும் சீவரத்தினம் என்றால், எந்தச் சீவரத்தினம் என்று கேட்பார்கள். வயது ஐம்பத்தெட்டு. இதுவரை முந்நூற்றுச் சொச்சம் மணவறை செய்திருக்கிறார். ஒன்றிலும் மாப்பிள்ளையாக உட்கார்ந்ததில்லை. யாரும் காரணம் கேட்டால், “செய்தவன் இருந்து பாத்தால் உடைஞ்சுபோம், றெஜிபோம் தானே” என்று சொல்லிவிடுவார்.

தொழிலை அவருக்கு ஒருவரும் கூப்பிட்டு வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கொடிகாமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொண்டன. மருந்துப் பெட்டியோடு வந்த நுரைப்பலகையைச் சவரப் பிளேட்டால் வெட்டி, சீவரத்தினம் ஒரு சோடி அன்னம் செய்து வைத்தார். கலியாணத்துக்கு வந்தவர்கள், “தாராக் குஞ்சு வடிவா இருக்கு” என்றார்கள். அந்தப் பாராட்டில் தொழிலுக்கு இறங்கியவர்தான். பிறகு கலியாண மண்டபங்களில் பெரிய சோடனைக்காரர்கள் வேலை செய்யும்போது ஏணி பிடிக்கிற சாட்டில் நின்று பார்த்தார். பார்க்கக் கிடைக்காததை வீட்டில் பிழைவிட்டுப் பழகினார். முதன்முதல் செய்த மயிலுக்கு ஸ்பிரே பெயின்ற் அடித்தார். அந்தப் பெயின்ற் றெஜிபோமைத் தின்னும் என்று அவருக்குத் தெரியாது. விடிந்து பார்த்தபோது மயில் நின்ற இடத்தில் நீல நிறத்தில் ஒரு கோழிக்குஞ்சு நின்றது.

மணவறை வேலைக்கு ஒரு சட்டம் உண்டு: எல்லாம் சோடி. இடது பக்கம் எது நிற்கிறதோ அதுவே வலது பக்கமும் நிற்கவேண்டும். பெண்ணின் தாய் மண்டபத்துக்குள் வந்ததும் செய்கிற முதல் வேலை, நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்ப்பது. ஒரு சொண்டு அரை அங்குலம் கட்டை என்றாலும் அந்த முகம் கறுத்துவிடும். ஒருமுறை நெல்லியடிக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு அன்னத்தின் சொண்டு முறிந்துபோனது. ஒட்டிக் காயவைக்க நேரமில்லை. சீவரத்தினம் யோசித்துவிட்டு மற்ற அன்னத்தின் சொண்டையும் அதே இடத்தில் முறித்தார். சோடி சரியாகிவிட்டது. கலியாண வீடியோவைப் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டு கிளிகள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து அவர் முதலில் கடதாசியில் அளவு வெட்டிப் பார்க்காமல் எதையும் வெட்டுவதில்லை. ஒரு பக்கத்துக்கு வெட்டிய கடதாசியைப் புரட்டிப்போட்டால் மற்றப் பக்கம். மயிரிழை பிசகாது. இந்தப் புரதத்தையும் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தார். பார்த்துச் செய்யச் சொல்லித் தந்திருந்த படத்தில் இரண்டாவதற்கு ஒரு முளை குறைவாக இருந்தது. பள்ளமும் கொஞ்சம் ஒடுங்கித் தெரிந்தது. படம் கீறின யாரோ ஒரு பெடியன் அவசரத்தில் விட்டுவிட்டான் என்று சீவரத்தினம் தீர்மானித்தார். படித்த ஆட்களுக்குக் கை வராது. விட்டதை அவர் போட்டு நிரப்பினார்.

இந்த வேலை அவரிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய அக்காவைச் சொல்லவேண்டும்.

அக்கா பத்மாசினி. மூன்று வயது மூத்தவர். கணவர் இறந்து பதினொரு வருடம், மகன் கனடாவில். ஒரே வளவில் முன்வீட்டில் அக்கா, பின்வீட்டில் சீவரத்தினமும் றெஜிபோமும். வளவில் எது நடந்தாலும் முடிவு அக்காவுடையது. ஆனால் தனியே முடிவெடுத்தார் என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு முறையும், “தம்பி, நீ என்ன சொல்லுறாய்?” என்று கேட்பார். தம்பி, “ஓம் அக்கா” என்பார். அவ்வளவுதான், முடிவு சீமெந்தாக இறுகிவிடும். முற்றத்துப் பலாவைத் தறித்தது அப்படி. சீவரத்தினத்துக்கு முப்பத்திரண்டு வயதில் நாவற்குழியிலிருந்து பேசி வந்த பெண்ணை வேண்டாமென்றதும் அப்படி. பெண் தையல் ரீச்சர். சீவரத்தினத்துக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அக்காவுக்கு அந்த வீட்டுக் கிணற்றைப் பிடிக்கவில்லை.

“தண்ணி உவர், தம்பி. சம்பந்தத்துக்குப் போற நேரமெல்லாம் உவர்த்தேத்தண்ணி குடிக்கேலுமே? என்ன சொல்லுறாய்?”

“ஓம் அக்கா.”

றெஜிபோம் உடையும் என்று அவர் ஊருக்குச் சொல்வதன் உண்மைக் காரணம் இந்த இரண்டு சொல்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், இனிச் சுகம் என்றார்கள். இந்த வருடம் காறையெலும்புக்கு மேலே கொட்டைப்பாக்களவில் ஒன்று எழும்பியது. கிளினிக்கில் பார்த்தவர் டொக்டர் நிவேதனா. முப்பத்தைந்து வயதிருக்கும், நோயாளிகளைப் பார்ப்பதோடு ஓர் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஊசியாலை இதிலை ஒரு சின்னத் துண்டு எடுக்கவேணும்,” என்றார் டொக்டர். “முந்தினது மாதிரியே இருக்கோ, குணம் மாறியிருக்கோ எண்டு பாத்துத்தான் என்ன மருந்து எண்டு முடிவெடுக்கலாம். நீங்கள் சம்மதிச்சால் அதிலை ஒரு துளியை என்ரை ஆராய்ச்சிக்கும் எடுப்பன்.”

“அதென்ன பிள்ளை ஆராய்ச்சி?”

“நொதியம் எண்டால் உடம்புக்குள்ளை வேலை செய்யிற புரதம். சில புரதம் இருக்கு, பாக்க அச்சொட்டா நொதியம் மாதிரி. ஆனால் அந்த வேலையைச் செய்யாது. செத்த நொதியம் எண்டு வையுங்கோவன். அதுகள் புற்றுநோயிலை என்ன செய்யுது எண்டு பாக்கிறம்.”

அக்கா சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டார். “வேலை செய்யாத சாமானைத் தேடி என்னை ஏன் பிள்ளை குத்துவான்? எங்கடை ஒழுங்கையிலை சிவக்கொழுந்தக்காவுக்குக் குத்தினாப்பிறகுதான் உடம்பெல்லாம் பரவினது. நான் மாட்டன். தம்பி, நீ என்ன சொல்லுறாய்?”

தம்பி அந்த நேரம் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று இலைகளில் ஒன்று கொஞ்சம் கீழே தொங்கியது. அதை நிமிர்த்தினால் சத்தம் போகும் என்பது அவருடைய யோசனை. கேள்வி காதில் விழுந்ததும் வாய் பழக்கத்தில் திறந்தது.

“ஓம் அக்கா.”

டொக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். “யோசியுங்கோ. ஆனால் கனநாள் யோசிக்கேலாது. அடுத்த மாதம் பதினாலாந் திகதி வாங்கோ. அதுக்கு அங்காலை இழுத்தால் கட்டி எங்களைப் பாத்துக்கொண்டு இராது.”

வெளியே விறாந்தையில் டொக்டர் அவரை நிறுத்தினார்.

“ஐயா, உங்கடை தலையெல்லாம் வெள்ளை வெள்ளையா என்னது?”

“பொடுகில்லை, டொக்டர். றெஜிபோம். மணவறை செய்யிறனான்.”

டொக்டரின் முகம் மலர்ந்தது. தன் ஆராய்ச்சியை விளக்கக் கிளினிக் சுவரில் ஒட்டிய படங்களை ஒருவரும் பார்ப்பதில்லை, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரி ஒன்று வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தாராம். ஒரு தாளை எடுத்து இரண்டு புரதங்களையும் காட்டிப் பத்து நிமிடம் விளங்கப்படுத்தினார். அந்தப் பத்து நிமிடத்தில் சீவரத்தினம் பன்னிரண்டு முறையாவது “ஓம் டொக்டர்” என்றிருப்பார். அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: ஒரு சோடி வேணும்.

பதினாலாந் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, டொக்டர் கோப்பாயில் ஒரு வீட்டுக்கு வந்தவர் ஸ்கூட்டரை அப்படியே உரும்பிராய்க்குத் திருப்பி, வேலை எந்த மட்டில் என்று பார்க்க வந்தார். மேசையில் இரண்டும் நின்றன, பள்ளமும் பள்ளமும் எதிரெதிரே, மணவறை அன்னங்கள் போல முகம் பார்த்து. சீவரத்தினம், மண்டபத்தில் பெண்ணின் தாய் நிற்பதுபோல நடுவில் டொக்டரை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

“மெத்த வடிவு, ஐயா,” என்றார் டொக்டர். பிறகு சுற்றி வந்தார். குனிந்து இரண்டு பள்ளத்துக்குள்ளும் பார்த்தார். “இதிலை செத்தது எது?”

“எது டொக்டர்?”

“ரெண்டிலை ஒண்டு செத்ததெல்லோ. அது எது?”

“ரெண்டும் சோடி, டொக்டர். நீங்கள் தந்த படத்திலை ஒரு முளை விடுபட்டிருந்தது. நான் போட்டுவிட்டன்.”

டொக்டர் மெல்லப் பக்கத்திலிருந்த றெஜிபோம் கட்டியில் உட்கார்ந்தார். சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

“ஐயா, அந்த முளை அதிலை இல்லை எண்டு கண்டுபிடிக்க எத்தினை பேருக்கு எத்தினை வருசம் போச்சுது தெரியுமே? நீங்கள் ஒரு பின்னேரத்திலை போட்டுவிட்டியள். செத்ததுக்கு உயிர் குடுத்திட்டியள்.”

சீவரத்தினத்துக்குக் காது சுட்டது. முந்நூறு மணவறையில் பெண்ணின் தாய்மார் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார்கள். குறை இல்லாததுதான் குறை என்று யாரும் சொன்னதில்லை.

“நீங்கள் அண்டைக்குச் சொல்லேக்கை நான் ஓம் ஓம் எண்டு கொண்டு நிண்டனான்,” என்றார். “ஒண்டும் விளங்கேல்லை. இப்ப சொல்லுங்கோ, விளங்காட்டி விளங்கேல்லை எண்டுறன்.”

வேலை செய்கிற புரதம் இது என்று டொக்டர் ஒன்றைத் தூக்கினார். “இந்தப் பள்ளத்துக்குள்ளை எரிபொருள் மாதிரி ஒண்டு வந்து இருக்கும். முளையள் அதைப் பிடிச்சு, அதிலை ஒரு சின்னத் துண்டைக் கழட்டி, வேறை புரதத்திலை கொண்டுபோய்க் குத்திவிடும். முத்திரை குத்திற மாதிரி. அதுதான் இதின்ரை வேலை. மற்றதுக்கு ஒரு முக்கிய முளை இல்லை. எரிபொருள் வந்து இருக்கும், முத்திரை குத்துப்படாது. சுத்தமாச் செத்தது எண்டும் நான் சொல்லமாட்டன், துளி வேலை செய்யுது எண்டு சில பேர் எழுதியிருக்கினம். ஆனால் அதை நம்பி ஒரு கலம் சீவிக்கேலாது.”

“அப்ப அது ஏன் அங்கை நிக்குது?”

“அதுதான் எங்கடை கேள்வியும்.” டொக்டர் எதிரெதிரே நின்ற இரண்டையும் பிரித்தார். “உப்பிடி முகம் பாத்துக்கொண்டு நிக்காது. செத்ததின்ரை இடுப்பு மற்றதின்ரை தோளிலை போய் முட்டும், இப்பிடி. முட்டினதும் மற்றது முழிச்சிடும். முழிச்சு முத்திரையை எங்கை குத்தும் தெரியுமே? செத்ததின்ரை வாலிலை. இந்தச் செத்ததுக்கு நீட்டு வால் ஒண்டு இருக்கு. அதிலை ஆறு இடம் கொளுக்கி மாதிரி. அதிலை வந்து வேறை புரதம் கொளுவும். கொளுவினதும் கலத்துக்குச் சேதி போகும்: பெருகு, சாகாதை, இருக்கிற இடத்தை விட்டு எழும்பி வேறை இடத்துக்குப் போ. கட்டி வளர்றதும் பரவுறதும் அப்பிடி. எல்லாப் புற்றுநோயிலையும் இல்லை. அக்காவுக்கு வந்த வகை மாதிரிச் சிலதிலை.”

சீவரத்தினம் குனிந்து, முட்டிக்கொண்டு நின்ற இரண்டையும் பார்த்தார்.

“தோழன்,” என்றார்.

“என்ன ஐயா?”

“கலியாணத்திலை மாப்பிள்ளைத் தோழன் இருக்கிறானெல்லோ. பெண்ணின்ரை சகோதரன். மாப்பிள்ளையைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து மணவறையிலை பக்கத்திலை இருப்பான். தாலி கட்டான், ஒண்டும் செய்யான். அக்கான்ரை கலியாணத்துக்கு நான்தான் தோழன். ஐயர் தாலியைக் குடுக்க, அத்தான் எழும்பாமல் சிலை மாதிரி இருந்திட்டார். நான் பக்கத்திலையிருந்து முழங்காலாலை இடுப்பிலை ஒரு இடி இடிச்சன். எழும்பிக் கட்டிப்போட்டார். கட்டினது அவர், இடிச்சது நான்.”

“அதேதான்,” என்றார் டொக்டர். கைப்பையைத் துழாவிப் பேனை எடுத்துத் தன் உள்ளங்கையில் ‘தோழன்’ என்று எழுதிக்கொண்டார்.

சீவரத்தினம் விடவில்லை. “அக்காவுக்கு அந்த வேலை செய்யிறதை அடக்கத்தானே மருந்து ஏத்தினது? அடக்கினால் முடிஞ்சுதுதானே?”

“அடக்கினதுதான். ஆனால் சில பேரிலை கலம் என்ன செய்யுது, செத்ததைக் கனக்கச் செய்து கொண்டுவந்து நிரப்புது. இடிக்கிற ஆக்கள் கூட, அடங்கினது திரும்ப முழிக்குது. அக்காவிலை அப்பிடியோ, வேறை எதுவுமோ, எனக்குத் தெரியாது ஐயா. துண்டு எடுக்காமல் ஒருத்தருக்கும் தெரியாது. என்ரை ஆராய்ச்சியை விடுங்கோ, மருந்து தெரியிறதுக்கே அது வேணும்.”

டொக்டர் போனபின் சீவரத்தினம் கம்பியைச் சூடாக்கி, தான் போட்ட மூன்றாவது முளையை வெட்டினார். கை கூசியது. நல்ல வேலையைப் பழுதாக்க அவருக்குப் பழக்கமில்லை. பள்ளத்தை ஒடுக்க, மேலுருண்டையைச் சற்றே திருப்பி ஒட்டினார். பிறகு கயிற்றில் வால் செய்யத் தொடங்கினார். மாலை தொங்கவிட வைத்திருந்த கொளுக்கிகளில் ஆறைத் தேர்ந்து, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் வரும்படி அளந்து கட்டினார். நாலாவது கொளுக்கியைக் கட்டும்போதுதான் அவருக்கு உறைத்தது.

இந்த வளவில் அவர் என்ன வேலை செய்கிறார்? ஒன்றுமில்லை. பலாவைத் தறித்தது அக்கா. நாவற்குழிக்கு வேண்டாமென்று ஆள் அனுப்பியது அக்கா. அவர் பக்கத்தில் நின்றார், அவ்வளவே. ஆனால் அவர் பக்கத்தில் நின்று அந்த இரண்டு சொல்லைச் சொல்லாவிட்டால் அக்கா இன்னும் ஒரு நாள் யோசித்திருப்பார். அன்று கிளினிக்கிலும் அக்காவுக்குள் இருந்தது பயம் மட்டும்தான். அதைத் தீர்மானமாக முழிக்க வைத்தது, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் கொடுத்த இடி. ஐம்பத்தெட்டு வயதுவரை தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்றுதான் சீவரத்தினம் நினைத்திருந்தார். அந்த நினைப்பில் ஒரு நிம்மதியும் இருந்தது. உதவாதவனிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? இப்போது அந்த நிம்மதியும் போயிற்று.

உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எழும்பினார். கிணற்றடியில் நின்று வசனத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நல்லாக வந்தது. முன்வீட்டு வாசலில் அக்கா சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன?” என்றார் அக்கா.

“தேத்தண்ணி இருக்கோ எண்டு பாக்க வந்தனான்.”

அடுத்த நாளும் போனார். அன்று அக்கா தொலைபேசியில் மகனோடு கதைத்துக்கொண்டிருந்தார். மகன் ஊசியெடுக்கச் சொல்லிக் கெஞ்சுவது வெளியே கேட்டது. அக்கா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து, “உவன் அங்கையிருந்து கொண்டு சொல்லுவான். என்ன தம்பி?” என்றார். ‘ஓ’ என்ற எழுத்து நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சீவரத்தினம் அதை விழுங்கினார். விழுங்கினதில் புரையேறி இருமினார். அக்கா தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினார். புரட்சி அந்த அளவில் நின்றது.

மூன்றாம் நாள் அக்காவே பின்வீட்டுக்கு வந்தார். செத்த பாதிக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார் சீவரத்தினம். வேலை செய்கிற பாதி சிவப்பு. அக்கா கதிரையில் உட்கார்ந்து வாலிலிருந்த கொளுக்கிகளை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

“இதென்ன, ஒண்டு ஒருமாதிரி, மற்றது வேறைமாதிரி? சோடி பிசகிப்போச்சே.”

“பிசகினதுதான் அக்கா சரி.” சீவரத்தினம் தூரிகையை வைத்துவிட்டுச் சாம்பல் பாதியைத் தூக்கிச் சிவப்பின் தோளில் முட்டவைத்தார். டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். தோழனையும் சொன்னார். அத்தானை இடித்த கதை அக்காவுக்கு முப்பத்தாறு வருடமாகத் தெரியாது.

“நீயே இடிச்சனி? அவர் ஏதோ தானா எழும்பினதெண்டு கடைசிமட்டும் சொல்லிக்கொண்டிருந்தாரே.” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்து, “அப்ப ஒண்டும் செய்யாமல் பக்கத்திலை நிண்டு கெடுக்கிறதுதான் இந்தச் சாம்பல்,” என்றார்.

“ஓம் அக்கா. என்னைப் போலை.”

அக்கா கொளுக்கியை ஆட்டுவதை நிறுத்தினார்.

“அண்டைக்குக் கிளினிக்கிலை நான் ஓம் எண்டது பிழை,” என்றார் சீவரத்தினம். குரல் அவர் எதிர்பார்த்ததை விடச் சின்னதாக வந்தது. “நீங்கள் கேட்டதே எனக்கு வடிவாக் கேக்கேல்லை. ஃபானைப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

“ஃபானை?”

“ஒரு இலை பதிஞ்சிருந்தது.”

“என்ரை உயிரைக் கேக்கிறன், நீ ஃபானைப் பாத்தனி.” அக்காவின் குரல் உயரவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. “அப்ப இப்ப என்ன சொல்லுறாய்? குத்தச் சொல்லுறியோ? சிவக்கொழுந்தக்கா மாதிரிப் போகச் சொல்லுறியோ?”

“சிவக்கொழுந்தக்கா ஆஸ்பத்திரிக்குப் போனதே பிந்தி, அக்கா. குத்தினது கடைசியா நடந்தது, அதாலை எங்களுக்கு அதுதான் காரணம் மாதிரித் தெரியுது. நான் டொக்டருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டனான். ஊசியாலை பரவுறது மெத்த அரிதாம். இல்லவே இல்லை எண்டு அவ சொல்லேல்லை. அரிது எண்டுதான் சொன்னவ.”

“உனக்குப் பயமில்லையோ?”

“பயம்தான். அதாலைதான் இவ்வளவு நாளும் ஓம் எண்டனான். ஓம் எண்டால் அதுக்கு மேலை கதைக்கத் தேவையில்லை.”

அக்கா சாம்பல் பாதியைக் கையில் எடுத்தார். பெயின்ற் காயாமல் இருந்தது; உள்ளங்கை முழுக்க ஒட்டிப் பிரண்டது. முளை இல்லாத அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு அதை வைத்துவிட்டு எழும்பிக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சீவரத்தினம் அன்று முழுக்கச் சாம்பல் பாதிக்கு மறுபடி நிறம் அடித்தார். அக்காவின் விரல் பட்ட இடத்தில் நாலு தடவை அடித்தும் தடம் தெரிந்தது.

பதினாலாந் திகதி காலை ஏழு மணிக்கு அக்கா சேலை மாற்றிக்கொண்டு படலையடியில் நின்றார். கிளினிக்குக்குத்தான். ஆனால் எதற்காக என்று அவர் சொல்லவில்லை, சீவரத்தினமும் கேட்கவில்லை. ஓட்டோவில் சிவப்பு அவருடைய மடியில், சாம்பல் அக்காவின் மடியில். வழி முழுக்க அக்கா, “ஆடாமல் விடு தம்பி, வால் கழண்டிடும்” என்று ஓட்டோக்காரரை அதட்டிக்கொண்டு வந்தார்.

கிளினிக் அறையில் டொக்டர் நிவேதனா ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். “அம்மா, யோசிச்சியளோ?”

அக்கா படிவத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார். “நீ என்ன சொல்லுறாய்?”

அறையில் மின்விசிறி சத்தம் போட்டபடி சுற்றியது. சீவரத்தினம் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எடுக்கிறது நல்லது எண்டு நான் நினைக்கிறன்,” என்றார். “ஆனால் குத்துறது உங்களுக்கு. நீங்களே சொல்லுங்கோ, அக்கா.”

அக்கா அவருடைய முகத்தையே பார்த்தார், அங்கே வேறு யாரோ வந்து உட்கார்ந்திருப்பதுபோல. மேசைக்குத் திரும்பினார்.

“எடுங்கோ பிள்ளை. உங்கடை ஆராய்ச்சிக்கும் எடுங்கோ. குத்திறது குத்திறியள், ரெண்டுக்குமாக் குத்துங்கோ.”

கையெழுத்து வைத்ததும் தாதி அக்காவைத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சீவரத்தினம் இந்தப் பக்கம் தனியே நின்றார். செய்ய ஒன்றும் இருக்கவில்லை. நிலத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த பசையால் இரண்டு பாதியையும் சேர்த்தார்: சாம்பலின் இடுப்பு சிவப்பின் தோளில். வாலைப் பிரித்து விட்டார். மூன்றாவது கொளுக்கி ஒரு நூலளவு கீழே இறங்கியிருந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார். திரைக்குப் பின்னால், “நோகுதோ அம்மா?” என்று டொக்டர் கேட்டார். “இன்னும் குத்தவே இல்லையே பிள்ளை” என்று அக்காவின் குரல் வந்தது. பிறகு ஊசிக் கருவியின் ஒரு சின்ன ‘டிக்’. பிறகு ஒன்றுமில்லை.

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். “துண்டு வடிவா வந்திருக்கு, ஐயா. பத்து நாளிலை தெரியும்.”

சீவரத்தினம் தலையை ஆட்டினார். குனிந்து மாதிரியைத் தூக்கினார்.

“அந்தத் தோள் பக்கமாப் பிடியுங்கோ, டொக்டர். பசை காய இன்னும் ஒரு நாள் பிடிக்கும். மூண்டாவது கொளுக்கி இப்பதான் கட்டினது. நம்பிக் கனக்கத் தொங்கவிடாதையுங்கோ. மற்றது, சாம்பலிலை ஒரு விரல் தடம் இருக்கு. அழிக்கப் பாத்தன், போகேல்லை.”

“இருக்கட்டும்,” என்றார் டொக்டர்.

இரண்டு பாதியும் வாலும் சேர்ந்ததில் இப்போது பாரமாகியிருக்கும் என்று டொக்டர் காலை அகட்டி நின்று இரண்டு கைகளாலும் வாங்கினார். அது காற்றைப் போல எழும்பியது. டொக்டரின் கைகள் அதோடு நெஞ்சுவரை மேலே போய்விட்டன.